மிதிவெடியில் கால் போனவர்கள் இருக்கிற வீடு: தெரிஞ்சவை பகிருங்கோ

மானிப்பாய்:
வெட்டினதுக்குப் பிறகு மிஞ்சின காலுக்குப் பண்டேஜ் கட்டுறதில இருந்து தொடங்குவம். பண்டேஜை வட்டம் வட்டமாச் சுத்தினால் சுருக்குக் கயிறு மாதிரி இறுகி நுனி வீங்கும். எட்டுப் போடுற மாதிரிச் சரிவாச் சுத்த வேணும். நுனியில இறுக்கம், மேல போகப்போகத் தளர்வு. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவிட்டுக் கட்ட வேணும், ராவிலயும்தான். அந்த நித்திரை போறது அநேகமா மனிசிக்கு, இல்லாட்டித் தாய்க்கு. ஆமிக்காரன்ர வீட்டிலயும் இதுதான், இயக்கத்தில இருந்தவரின்ர வீட்டிலயும் இதுதான். முழங்காலுக்குக் கீழ தலகணி வைக்காதேங்கோ. நோகுதெண்டு பாவப்பட்டுத்தான் வைக்கிறது, ஆனால் முழங்கால் மடிஞ்சபடியே இறுகினால் பிறகு பொய்க்கால் பொருந்தாது.

கோண்டாவில்:
புண்ணைத் தைக்காமல் விட்டிருக்கினம் எண்டு வாட்டில சண்டை பிடிக்கிற சனம் கன பேர். மிதிவெடி மண், புல்லு, செருப்புத் துண்டு, பாதத்து எலும்பு எல்லாத்தையும் தசைக்குள்ள மேல்நோக்கி அடிச்சு ஏத்தும். வெளியில தோல் வடிவாத் தெரியும், உள்ளுக்க ஊத்தை. உடன தைச்சால் சீழ் கட்டும். அதாலதான் ஊத்தையை வெட்டி எடுத்து, நாலைஞ்சு நாள் திறந்து வைச்சுப் பாத்து மூடுறது. வெட்டு நினைச்சதிலும் மேல போறதுக்கும் காரணம் இதுதான்.

சாவகச்சேரி:
முதல் வருசம் மிச்சக் கால் சுருங்கிக்கொண்டே போகும். காலமை சரியா இருந்த சொக்கற் (பொய்க்காலில மிச்சக் காலை நுழைக்கிற கிண்ணம்) பின்னேரம் ஆடும். அப்ப மிச்சக் காலுக்கு இன்னொரு மேசு (காலுறை) போடுங்கோ. மூண்டு நாலு போட்டும் ஆடினால் சொக்கற்றை மாத்த வேணும், துணி திணிச்சுச் சமாளிக்கிறது புண்ணில கொண்டுபோய் விடும். மிச்சக் காலைப் படுக்கப்போக முன்னம் கழுவுங்கோ, காலமை வேண்டாம். ஈரத்தோல் ஊறிச் சொக்கற்றோட ஒட்டி உரியும். கழுவித் துடைச்சுப்போட்டு, கீழ கண்ணாடி பிடிச்சு நுனியைப் பாக்க வேணும். பத்து நிமிசத்தில மறையாத சிவப்பெண்டால் அந்த இடத்தில சொக்கற் அழுத்துது.

1968இல ஜெய்ப்பூரில வந்த றப்பர்ப் பாதம் எங்கட ஊருக்குத் தோதானது. வெறுங்காலோட கோயிலுக்குப் போகலாம், குந்தி இருக்கலாம், வயலுக்க இறங்கலாம். ஆனால் வெறுங்காலுக்கு அளவு பாத்துப் பூட்டின பாதத்தில குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டால் முழங்கால் முன்னுக்குத் தள்ளும். றப்பர் வெடிச்சால் உள்ளுக்க தண்ணி போய்க் கால் பாரமாகும்.

மானிப்பாய்:
பிள்ளையள் எண்டால் கதை வேற. தோலை விட எலும்பு வேகமா வளர்ந்து நுனியைக் குத்தும், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டி வரும். பொய்க்காலும் வருசம் ஒண்டாவது மாத்த வேணும். எட்டு வயசில கால் போன பிள்ளைக்குப் பதினெட்டுக்கிடையில பத்துக் கால். 'ஒருக்காக் குடுத்தாச்சுத்தானே' எண்டு கேக்கிறவைக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கோ.

கோண்டாவில்:
இல்லாத பாதம் எரியுது, விரல் முறுக்குது எண்டால் விசர்க்கதை எண்டு அடக்காதேங்கோ. நரம்பு சொல்லுற நோ அது. ரெண்டு காலுக்கும் நடுவில நீட்டுக் கண்ணாடி வைச்சு, நல்ல காலின்ர விம்பத்தைப் பாத்தபடி காலை மெல்ல அசைக்கச் சொல்லுங்கோ. ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிசம். எல்லாருக்கும் கேக்காது, சிலருக்கு நல்லாக் குறையும்.

சாவகச்சேரி:
ஒண்டு விட்டுப்போச்சு. மாரிக்கு முன்னம் பொய்க்காலோட பாதத்தைப் பூட்டுற போல்ற்றைப் பாருங்கோ. உப்புத் தண்ணியில புழங்கிறவைக்குக் கெதியாத் துரு ஏறும்.