35 அடிப் படகுக்கும் 10 நாட் வேக வரம்பு வேண்டுமா?

தூண்டில்காரன் (வட கரோலினா):
படகு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதைத் தனித்தனியாகக் கேட்பதால் இங்கேயே பேசிவிடலாம். வட அட்லாண்டிக் ரைட் வேல் என்ற திமிங்கலத்தைக் காப்பாற்ற அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் 2008-இல் ஒரு விதி வந்தது. 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள், குறித்த பகுதிகளில், குறித்த மாதங்களில் 10 நாட் (knot, மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது. 2022-இல் நோவா (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனம்) அந்த நீள வரம்பை 35 அடிக்கு இறக்க முன்மொழிந்தது. பரப்பையும் விரித்தது. மாசசூசெட்ஸிலிருந்து வட ஃபுளோரிடா வரை கரையோரம் கிட்டத்தட்ட முழுவதும், நவம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வரை. 90,000-த்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன. 2025 ஜனவரியில் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

திரும்பப் பெற்றதுதான் சரி என்பது என் கட்சி. இங்கே சூரை பிடிக்கக் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் வரை போக வேண்டும், முப்பது நாற்பது மைல். 25 நாட்டில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு 10 நாட்டில் நாலு மணி நேரம். திரும்பி வர இன்னொரு நாலு. குளிர்காலப் பகல் அதிலேயே முடிந்துவிடும். வாடகைக்குப் படகு ஓட்டிப் பிழைக்கிறவன் என்ன செய்வான்?

சவானா செல்வி:
அண்ணா, நேர நஷ்டம் புரிகிறது. ஆனால் பெரிய கப்பல்தான் திமிங்கலத்தைக் கொல்கிறது, சின்னப் படகுக்கு எதற்கு விதி என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நடந்ததைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் பக்கம் ஒரு கன்றின் மேல் மோதியது 54 அடி மீன்பிடிப் படகு. கன்று செத்துக் கரை ஒதுங்கியது. படகுக்குள் தண்ணீர் ஏறி, மூழ்காமல் இருக்க அதைத் தரை தட்ட வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்தது பெரிய விஷயம்.

அப்புறம் 2024. ஜூனோ என்று ஆய்வாளர்கள் அடையாளம் வைத்திருக்கும் தாயின் கன்றை ஜனவரியில் தென் கரோலினா கடலில் பார்த்தபோதே தலையிலும் உதட்டிலும் ப்ரொப்பெல்லர் வெட்டு. மார்ச்சில் எங்கள் ஜார்ஜியாவின் கம்பர்லாண்ட் தீவில் பிணமாகக் கிடந்தது. வெட்டுகளின் அளவை வைத்து, மோதிய படகு 35 முதல் 57 அடி வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். 2008 விதி தொடாத அளவு அது. இந்த இனத்தில் மிச்சமிருப்பவை சுமார் 380. கன்று ஈனக்கூடிய பெண்கள் சுமார் 70. இப்படி இருக்கும்போது ஒரு கன்று போனால் சும்மா விட முடியுமா?

தூண்டில்காரன்:
கன்று செத்தது எனக்கும் வலிக்கிறது செல்வி. ஆனால் விதி எழுதியவர்கள் முகத்துவாரத்தைக் கடந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் வட கரோலினாவின் ஒரிகன் இன்லெட் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து திரும்பும்போது அலை முதுகுப்பக்கம் வருகிறது. அந்த அலையின் வேகத்துக்கு ஈடு கொடுத்து அதன் முதுகிலேயே உட்கார்ந்து வர வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அலை நம்மை எட்டிப்பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கும், முன்பக்கம் குத்தும், படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலையில் கவிழ்ந்துவிடும். 900 அடிச் சரக்குக் கப்பலுக்கு இந்தப் பயம் இல்லை.

மோசமான வானிலைக்கு விலக்கு கொடுத்திருந்தார்களே என்று சொல்வீர்கள். 65 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அந்த விலக்கு கேல் எச்சரிக்கை இருந்தால் கிடைக்கும். கேல் என்றால் 34 நாட் காற்று. அந்தக் காற்றில் எவன் 38 அடிப் படகை வெளியே எடுப்பான்? எங்களுக்கு ஆபத்து 20 நாட் காற்றிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொன்று. எங்கள் மாதிரிப் படகுகள் வேகம் பிடித்துத் தண்ணீர் மேல் எழும்பி ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. 10 நாட்டில் எழும்பவும் எழும்பாது, ஒழுங்காக மிதக்கவும் மிதக்காது. மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கு முன்னால் கடலே தெரியாது. திமிங்கலத்தைப் பார்க்கச் சொல்லும் விதி, கண்ணை மறைக்கிறது.

ஹாலிஃபாக்ஸ் அமுதன்:
கனடாவில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2017-இல் எங்கள் கடலில் மட்டும் 12 ரைட் வேல்கள் செத்தன. அந்த ஆண்டே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் 20 மீட்டரும் (சுமார் 65 அடி) அதற்கு மேலும் உள்ள கலங்களுக்கு 10 நாட் வரம்பு வந்தது. பிறகு 2020-இல் அந்த நீள வரம்பை 13 மீட்டராகக் குறைத்தார்கள். 13 மீட்டர் என்றால் சுமார் 43 அடி. ஆக, 65 அடி என்பது அசைக்க முடியாத எல்லை இல்லை.

எஞ்சின்மேன்:
கண்காணிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெரிய வணிகக் கப்பல்களில் ஏஐஎஸ் (கப்பலின் இடத்தையும் வேகத்தையும் ஒலிபரப்பும்) கருவி கட்டாயம், எவ்வளவு வேகத்தில் போனது என்று பதிவிலேயே தெரியும். 40 அடி உல்லாசப் படகுக்கு அது கட்டாயம் இல்லை. விதியை மதிக்கிறவன் நாலு மணி நேரம் ஊர்ந்து போவான், மதிக்காதவன் பறப்பான். வெப்பக் கேமரா, தண்ணீருக்கடியில் திமிங்கலச் சத்தம் கேட்கும் மிதவை, அந்தத் தகவலைப் படகுக்கு அனுப்பும் செயலி, இதற்குத்தான் பணம் போட வேண்டும்.

சவானா செல்வி:
எஞ்சின்மேன், கருவி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. இந்தத் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பு கிடையாது. கறுத்த உடம்பு. தாயும் கன்றும் மேற்பரப்பை ஒட்டியே கிடக்கும், பல நேரம் ஓரிரு அடி ஆழத்தில். வெப்பக் கேமராவுக்கு அது மேலே வந்து மூச்சு விட வேண்டும். மிதவைக்கு அது குரல் கொடுக்க வேண்டும். கன்றோடு இருக்கும் தாய் பெரும்பாலும் சத்தமே போடாது. அப்படிப்பட்ட இடத்தில் கைவசம் இருப்பது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான்.

தூண்டில்காரன் அண்ணா, முகத்துவாரம் பற்றிச் சொன்னது நியாயம். மணல்திட்டைக் கடக்கும்போது வேகத்தை ஓட்டுபவர் முடிவு செய்யட்டும், அதை விதியிலேயே எழுதலாம். அதற்காக மொத்த முன்மொழிவையும் தூக்கிப் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாசசூசெட்ஸில் கேப் காட் விரிகுடாவுக்குள் 65 அடிக்குக் குறைந்த படகுகளுக்கும் மார்ச், ஏப்ரலில் 10 நாட் வரம்பு இருக்கிறது, மாநிலத்தின் சொந்த விதி. அங்கேயும் படகு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூக்கு தூக்கினால் 7, 8 நாட்டுக்கு இறங்குங்கள், முன்னால் நன்றாகத் தெரியும்.

தூண்டில்காரன்:
7 நாட்டில் கல்ஃப் ஸ்ட்ரீம் போனால் நான் போய்ச் சேரும்போது திரும்ப வேண்டிய நேரம் வந்திருக்கும். கேப் காட் கதை வேறு. அது ஒரு விரிகுடா, இரண்டு மாதம், திமிங்கலம் அங்கே கூடுவது உறுதி. அந்த மாதிரி, கன்று ஈனும் ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோரம், அந்த மாதங்களுக்கு மட்டும் கேட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். ஆயிரம் மைல் கடற்கரைக்கு அரை வருடம் கேட்டதால்தான் எல்லோரும் எதிர்த்தார்கள்.

அதோடு கயிற்றை மறக்க வேண்டாம். நண்டு, லாப்ஸ்டர் கூண்டுக் கயிறுகளில் இந்தத் திமிங்கலங்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு தடவையாவது சிக்கியிருக்கின்றன. அதைப் பேசும் சத்தம் எங்கே?

சவானா செல்வி:
அதையும் பேசுகிறோம் அண்ணா, கயிறில்லாத கூண்டுக்கு இங்கே சோதனை நடக்கிறது. கயிறு கொல்கிறது என்பதால் ப்ரொப்பெல்லருக்கு விலக்கு கிடைக்காது. கன்று ஈனும் பகுதிக்குக் கையெழுத்துப் போடுவேன் என்றீர்களே, அடுத்த தடவை கருத்துக் கேட்கும்போது அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். படகுக்காரர் ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

புதுப்படகு (மேரிலாண்ட்):
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 42 அடிப் படகு வாங்கியிருக்கிறேன். டிசம்பரில் அனாபொலிஸிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோகிறேன். இப்போதைக்கு என்னைக் கட்டுப்படுத்தும் விதி எது?

தூண்டில்காரன்:
42 அடிக்கு அந்த 10 நாட் விதி கட்டாயம் இல்லை. ஆனால் ரைட் வேலுக்கு 500 கஜத்துக்குள் போகக் கூடாது என்ற விதி எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும், 1997-இலிருந்து. நார்ஃபோக்கில் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வேயில் (கரைக்கு உள்பக்கமாகப் போகும் நீர்வழி) நுழைந்துவிடுங்கள். டிசம்பர் கடலில் வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனையைச் சுற்றுவது முதல் படகுக்கு வேண்டாம்.

சவானா செல்வி:
அண்ணா சொன்ன உள்வழிதான் நல்லது. எங்காவது வெளிக்கடலுக்கு வந்தால், தென் கரோலினாவுக்குக் கீழே கட்டாயம் இல்லாவிட்டாலும் 10 நாட்டில் வாருங்கள், பகலில் மட்டும், முன்னால் பார்க்க ஒரு ஆளை நிறுத்தி. கறுப்பாக ஏதாவது கிடந்தால் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, படகு ரேடியோவின் சானல் 16-இல் கோஸ்ட் கார்டுக்குச் சொல்லுங்கள். சவானா பக்கம் கரை சேரும்போது இங்கே எழுதுங்கள், வந்து கயிறு பிடிக்கிறேன்.