புதுப்பிப்பு: 16 வருட ஷண்ட், சி.டி.யில் மாற்றமில்லை, ஆனாலும் தலைவலி – காரணம் கிடைத்துவிட்டது

மகனின் தலைவலி பற்றி நான் முன்பு கேட்டதற்குப் பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் மகனுக்கு 5 மாதத்தில் மூளையில் நீர் கோத்து, அதைத் தலையிலிருந்து வயிற்றுக்கு வடிக்கும் ட்யூப் (ஷண்ட்) வைத்தார்கள். இப்போது 16 வயது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. சி.டி. ஸ்கேன் பழைய மாதிரியே இருக்கிறதென்று ஒற்றைத் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கைகொடுத்தது, தலை முதல் வயிறு வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய ஒரு அக்காவின் யோசனைதான். கழுத்தில் ட்யூப் அறுந்து கிடந்தது பளிச்சென்று தெரிந்தது. கண் டாக்டரும் தலைக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். மறுநாளே ஆபரேஷன்.

வருடக்கணக்கில் ட்யூபின் மேல் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிவிடுமாம். பிள்ளை வளர வளர அது இழுபட்டு அறுந்துவிடுகிறது. அறுந்த பிறகும் சுற்றி வளர்ந்த நார்த்திசு உறை வழியாக நீர் கொஞ்ச நாள் இறங்குமாம், அதனால் உடனே தெரிவதில்லை. நீண்டகால ஷண்ட் உள்ள சிலருக்கு, அடைத்துக்கொண்டாலும் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் விரியாது, அதனால் சி.டி.யில் மாற்றம் தெரியாது. சி.டி.யை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

எதிர்பாராதது: பழைய ட்யூபில் ஒரு துண்டு ஒட்டிப்போனதால் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். நீர் இறங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் புது வால்வு காந்தத்தால் அழுத்தம் மாற்றக்கூடியது, எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிறகு செட்டிங்கைச் சரிபார்க்க வேண்டுமாம்.

6 வாரமாகிறது. தலைவலி இல்லை, பள்ளிக்கூடம் போகிறான்.