ஜாக் ரஸ்ஸலுக்கு கால் நீளமா இருந்தா ஷோவுல நிறுத்த முடியுமா?

கோவை_வாலு
வணக்கங்க. எங்க வீட்ல ஒரு ஜாக் ரஸ்ஸல் பொட்டை நாய் இருக்கு, பேரு மிளகா, பதினோரு மாசம் ஆச்சு, கொஞ்சம் சொரசொர முடி. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பர், மைக்ரோசிப் எல்லாம் இருக்கு. ஊட்டி நாய் ஷோவுல நிறுத்தணும்னு ஆசை. ஆனா தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்துட்டு கால் இவ்ளோ நீளமா இருக்கு இது ஜாக் ரஸ்ஸலே இல்ல, நல்லா ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு, அன்னையில இருந்து வீட்டுக்காரரு மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருக்காரு. தோள்பட்டை கிட்ட அளந்தா 34 செ.மீ. வருது. இன்னொன்னு, பக்கத்து தெருவுல ஒரு கடுவன் இருக்கு, அடுத்த ஹீட்டுக்கு சேத்துடலாம்ங்கறாங்க. செய்யலாங்களா?

பழைய_ரிங்
ஏமாத்தினாங்கன்னு அவ்ளோ சீக்கிரம் முடிவு பண்ணாதீங்க. எஃப்சிஐ (உலக அளவுல நாய் இனங்களுக்கு அளவு வகுக்கற அமைப்பு) கணக்குப்படி ஜாக் ரஸ்ஸல் 25ல இருந்து 30 செ.மீ., உடம்பு உயரத்தை விட நீளம். கால் நீளமா சதுரமா இருக்கறது பார்சன் ரஸ்ஸல், அதுல பொட்டைக்கு 33தான் சரியான உயரம். ரெண்டுக்கும் ஒரே பூர்வீகம்தான், அதனால ஒரே ஈத்துல ஒண்ணு ரெண்டு குட்டி உசந்து போறது பெரிய அதிசயம் இல்ல.

ஜான் ரஸ்ஸல்னு இங்கிலாந்துல டெவன் பக்கம் ஒரு பாதிரியார், 1795ல பொறந்தவர், நரி வேட்டைப் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கிறப்போ ஒரு பால்காரர் கிட்ட ஒரு பொட்டைய வாங்கினாரு, அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். பேரு ட்ரம்ப் (சிரிக்காதீங்க). முழு வெள்ளை, கண்ணு காது பக்கம் மட்டும் பழுப்பு, வால் முளைக்கிற இடத்துல காசு அளவுக்கு ஒரு பொட்டு. வெள்ளை எதுக்குன்னா நரி வளைக்குள்ள இருந்து வெளிய வர்றப்போ பெரிய வேட்டை நாய்ங்க இதையே நரின்னு நெனச்சுக் கடிச்சுடக் கூடாது. நரிய வெளிய வெரட்டணும், கொல்லக் கூடாது, குதிரை கூடவே ஓடணும், அதுக்குத்தான் அந்த நீளக் கால். குட்டைக் கால் டைப்பை தனியா ஒரு இனமா வளத்து எடுத்தது ஆஸ்திரேலியாக்காரங்க.

வேடிக்கை என்னன்னா 1873ல கென்னல் கிளப் ஆரம்பிச்சப்போ அவரும் ஒரு உறுப்பினர், அடுத்த வருஷம் ஃபாக்ஸ் டெரியருக்கு ஜட்ஜாவே நின்னாரு, ஆனா தன்னோட நாய்ங்களை மட்டும் ஷோவுக்குக் கொண்டு வரவே இல்ல. அதே கிளப் பார்சனை ஏத்துக்கிட்டது 1990ல, ஜாக் ரஸ்ஸலை 2016லதான். மனுசன் 1883லயே போய்ச் சேந்துட்டாரு.

உங்க பேப்பர்ல எந்த இனம்னு போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. ஜாக் ரஸ்ஸல்னு இருந்தா 34க்கு கண்டிப்பா மார்க் போகும், உயரத்துக்காக பார்சன்னு மாத்திக்கவும் முடியாது.

நாலுகால்
உயரத்தை விட நெஞ்சைப் பாருங்க. ஜட்ஜ் முன்னங்காலுக்குப் பின்னாடி ரெண்டு கையையும் குடுத்து நெஞ்சைச் சுத்திப் பிடிப்பாரு, விரல் கீழ சேரணும். ஸ்பானிங்ம்பாங்க. நரி வளைக்குள்ள நுழையுற உடம்பான்னு பாக்கறதுதான் அது. சுத்தளவு 40-43 செ.மீ. இருந்தா நல்லது. இப்பவே வீட்ல பழக்கிடுங்க, ரிங்குல புது ஆள் தூக்கினா நெளியும். சொரசொர முடின்னா மெஷின் போடவே போடாதீங்க, செத்த முடிய விரலால புடுங்கித்தான் எடுக்கணும். மெஷின் போட்டா பஞ்சு மாதிரி ஆயிடும், நிறமும் வெளுக்கும்.

மருந்துப்பெட்டி
எல்லாரும் அந்தக் கடைசி கேள்விய விட்டுட்டீங்க. அடுத்த ஹீட்டுக்கு வேண்டாம்ங்க, அவளே இன்னும் குட்டி. ரெண்டு வயசாவது ஆகட்டும். அதை விட முக்கியம், இந்த வம்சத்துல பிஎல்எல்னு ஒரு கண் நோய் உண்டு, லென்ஸைப் பிடிச்சிருக்கற நார் அறுந்து லென்ஸ் நகந்து போயிடும், பிரஷர் ஏறி கண்ணே போயிடும். வர்றது பெரும்பாலும் மூணு வயசுல இருந்து எட்டு வயசுக்குள்ள, அதுக்குள்ள அது ரெண்டு மூணு ஈத்து போட்டு முடிச்சிருக்கும், அங்கதான் வம்பே. வாய்க்குள்ள பஞ்சு வச்சு எடுத்து டிஎன்ஏ டெஸ்ட் பண்ணலாம். கோளாறு மரபணு ஒரு பிரதி மட்டும் இருக்கற கேரியரை, அது சுத்தமா இல்லாத க்ளியரான நாயோட சேக்கலாம், ரெண்டும் கேரியர்னா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. பக்கத்து தெரு கடுவனுக்கும் டெஸ்ட் கேளுங்க. அதெல்லாம் எதுக்குன்னு இழுத்தாங்கன்னா வேற இடம் பாத்துக்கங்க.

கோவை_வாலு
ரொம்ப நன்றிங்க. பேப்பரை எடுத்துப் பாத்தேன், ஜாக் ரஸ்ஸல்னுதான் இருக்கு. சரி, இந்த வருசம் ஊட்டிக்கு வேடிக்கை பாக்க மட்டும் போறோம், டெஸ்டுக்கு டாக்டர் கிட்ட சொல்லியாச்சு. வீட்டுக்காரரு கையால நெஞ்சைப் பிடிச்சுப் பாத்தாரு, விரல் சேந்துச்சு, அதுல இருந்து மனுசன் ஒரே சிரிப்பு. ஆனா போன வாரம்தான் பார்லர்ல மெஷின் போட்டு வழிச்சுட்டு வந்தோம். அந்த முடி பழையபடி வருங்களா?