டிரேட்மார்க் பத்து வருடம்: எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

பொடிக்கடை_விருதுநகர்:
வணக்கம். எங்கள் மசாலாப் பொடி, ஊறுகாய் வியாபாரத்தின் பெயரை அப்பா டிரேட்மார்க் பதிவு செய்து வைத்திருக்கிறார். பதிவில் பொருள் வகைக்கு ஏற்ப கிளாஸ் எண் உண்டே, பொடிக்கு கிளாஸ் 30, ஊறுகாய்க்கு கிளாஸ் 29. விண்ணப்பம் போட்டது 2016 செப்டம்பர், சான்றிதழ் வந்தது 2018 ஜூன். பத்து வருடம் செல்லும், அதனால் 2028 வரை கவலை இல்லை என்கிறார் அப்பா. ஆனால் போன வாரம் ஏதோ ஒரு கன்சல்டன்சியிடமிருந்து, பார்ப்பதற்கு அரசாங்கக் கடிதம் மாதிரியே, 46,000 ரூபாய் உடனே கட்டாவிட்டால் பெயர் கைவிட்டுப் போய்விடும் என்று கடிதம் வந்திருக்கிறது. கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன், ஜிஎஸ்டியும் என் பெயரில்தான். யார் சொல்வது சரி? புதுப்பிக்க நிஜமாகவே எவ்வளவு ஆகும்?

கிண்டி_ஏஜென்ட்:
தம்பி, தேதி விஷயத்தில் கடிதம் சரி, பணம் விஷயத்தில் இல்லை. சான்றிதழ் எப்போது கைக்கு வந்தாலும் பத்து வருடத்தை விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அதாவது உங்களுக்கு 2026 செப்டம்பரோடு முடிகிறது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கும் டிஎம்-ஆர் படிவம் போடலாம், ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு 9,000 ரூபாய், உங்களுக்கு இரண்டு கிளாஸ் என்பதால் 18,000. நேரில் காகிதமாகக் கொடுத்தால் கிளாஸுக்கு 10,000. முதல் தடவை விண்ணப்பம் போடும்போது தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் பாதிக் கட்டணம் உண்டே, அந்தச் சலுகை புதுப்பித்தலுக்குக் கிடையாது, எல்லோருக்கும் ஒரே ரேட்.

தேதி தாண்டினால் அடுத்த ஆறு மாதம் வரை கிளாஸுக்கு 4,500 கூடுதலாகக் கட்டிப் புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் மீட்பு விண்ணப்பம், அதற்கு கிளாஸுக்கு 9,000, புதுப்பிக்கும் கட்டணம் 9,000 தனி. ஒரு வருடமும் போய்விட்டால் முதலிலிருந்து புது விண்ணப்பம்தான். அதற்குள் யாராவது அதே பெயருக்கு மனு போட்டிருந்தால் எதிர்ப்பு, விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

அப்புறம், கடிதத்தை நம்புவதற்கு முன் நீங்களே பாருங்கள். அரசாங்கத்தின் ஐபி இந்தியா தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் எந்தத் தேதி வரை செல்லும் என்று காட்டும், அதற்குக் காசு எதுவும் கிடையாது. பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இருப்பதால்தான் இந்த மாதிரி ஆட்கள் முகவரியை எடுத்துக் கடிதம் போடுகிறார்கள்.

மதுரை_அப்பளம்:
காலம் முடிவதற்கு முன்னால் டிரேட்மார்க் ஆபீஸே நினைவூட்டி ஆர்ஜி-3 என்ற நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது வராமல் பெயரை நீக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாமே?

கிண்டி_ஏஜென்ட்:
சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2013-ல் சிப்லா மருந்து கம்பெனி வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், நோட்டீஸ் அனுப்பாமல் நீக்கியது செல்லாது என்று தீர்ப்பும் கொடுத்தது. ஆனால் அது ஹைகோர்ட்டுக்குப் போய் வாதாடிக் கிடைத்த நிவாரணம். 18,000 ரூபாயில் முடிகிற வேலைக்கு ஒரு பொடிக்கடை ஏன் கோர்ட் ஏற வேண்டும்? நோட்டீஸ் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். 2016-ல் யாராவது ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால் அவர் ஆபீஸ் முகவரிதான் அங்கே இருக்கும், அவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரோ என்னவோ. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

கோவை_ஆடிட்டர்:
பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. பதிவு அப்பா பெயரில், வியாபாரம் மகன் பெயரில். புதுப்பித்தலை இப்போது அப்பா பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு முடித்துவிடுங்கள். பெயர் மாற்றத்தை அதோடு சேர்த்து இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு அப்பா உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புப் பத்திரத்தை முத்திரைத் தாளில் தயார் செய்து, டிஎம்-பி (TM-P) படிவத்தில் உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். அதுவரைக்கும், இந்தப் பெயரை மகன் பயன்படுத்த அப்பா அனுமதிக்கிறார் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்பந்தமாவது கையில் இருக்கட்டும். ஏனென்றால் பதிவு செய்த உரிமையாளர் ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லி வெளியாள் நீக்கக் கேட்கலாம். உங்கள் பில்களெல்லாம் மகன் பெயரில் இருக்கும்போது அந்த ஒப்பந்தம்தான் பதில் சொல்லும். குடும்பத்துக்குள் எதற்குக் காகிதம் என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு அண்ணன் தம்பி பிரியும்போது பெயர் யாருக்கு என்று வந்து நிற்கும். அப்பா நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பொடிக்கடை_விருதுநகர்:
ரொம்ப நன்றி அண்ணா, தளத்தில் பார்த்துவிட்டேன், 2026 செப்டம்பர் என்றுதான் காட்டுகிறது. அப்பாவிடமும் காட்டினேன், உடனே போடச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும்: தீபாவளிக்கு புது கவர் அச்சடிக்கக் கொடுக்கிறோம், பதிவான பெயர் என்று காட்ட வட்டத்துக்குள் ஆர் (®) போடுவது தொடரலாமா?

கிண்டி_ஏஜென்ட்:
பதிவு உயிரோடு இருக்கும்வரை, பதிவான அந்த இரண்டு கிளாஸ் பொருளுக்கும் தாராளமாகப் போடலாம். புதிதாகக் கடலை எண்ணெயோ சோப்போ அதே பெயரில் விற்கத் தொடங்கினால் அந்தக் கவரில் போடாதீர்கள். எண்ணெயும் கிளாஸ் 29-தான், ஆனால் உங்கள் பதிவில் ஊறுகாய் என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணெய் அதில் வராது, சோப்பு கிளாஸ் 3. பதிவாகாத பொருளுக்குப் பதிவு அடையாளம் போடுவது சட்டப்படி தப்பு. டிஎம்-ஆர் போட்டதும் வரும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நகலை ஆடிட்டரிடமும் கொடுங்கள்.