தமிழ்த் தேடலைச் சரிசெய்ய நான் அனுப்பிய திருத்தம் ஏழு வாரமாகக் கிடக்கிறது, தனிக்கிளையாக வைத்துக்கொள்ளலாமா?

ஏட்டுக்கட்டு (கேள்வி)

வணக்கம். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. மாலை நேரங்களில் கட்டற்ற மென்பொருள்களோடு பழகுவது என் பொழுதுபோக்கு. கிம்ப்பில் பழைய ஒளிப்படங்களைச் சீர்செய்வதில் தொடங்கி, இங்க்ஸ்கேப்பில் வரைவது, வருடிய பக்கங்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி கொண்டு எழுத்தாக மாற்றுவது என்று சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கற்று வருகிறேன். ஒரு நிரலின் பட்டியில் இருந்த பிழையான தமிழாக்கத்தைத் திருத்தி அனுப்பினேன். அது அடுத்த வெளியீட்டிலேயே சேர்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சிதான் என்னை மூலநிரல் பக்கம் இழுத்து வந்தது.

எழுத்தாக்கிய பக்கங்களை எல்லாம் ஒரு கட்டற்ற குறிப்பேட்டு மென்பொருளில் சேமித்து வருகிறேன். அதில் 'கொடி' என்று தேடினால் காடு, கூடு, கேடு, கூட்டம் என்று தொடர்பே இல்லாத பக்கங்களும் வந்து நின்றன. முதலில் எழுத்துணரியின் பிழை என்றே எண்ணி மூன்று மாலைகளை அதிலேயே கழித்தேன். பிறகுதான் அந்த மென்பொருள் தேடலுக்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் பகுதியைப் பயன்படுத்துகிறது என்று கண்டு, ஐந்தே வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தனியாக உருவாக்கிச் சோதித்தேன்.

காரணம் விளங்கிவிட்டது. அதன் இயல்பான சொற்பிரிப்பியாகிய யூனிகோட்61, யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றையும் தனிப்பயனுக்கு ஒதுக்கப்பட்ட குறியெண்களையும் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரும் எண்) மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. மற்ற அனைத்தும் அதற்கு இடைவெளிக்குச் சமம். நம்முடைய துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை யூனிகோடில் எழுத்துகளாக அல்லாமல் குறிகளாக வகைப்படுத்தப்பட்டவை. ஆகவே 'கொடி' என்பது 'க', 'ட' என்ற இரண்டு துண்டுகளாக உடைகிறது. 'காடு', 'கூடு', 'கேடு' மூன்றும் அதே இரண்டு துண்டுகளாகவே உடைகின்றன. 'கடி' மட்டும் தப்பியது, ஏனென்றால் அதில் 'கட' என்ற இரண்டு எழுத்துகளும் ஒட்டியே நிற்கின்றன. இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

குறி வகைகளையும் சொல்லில் சேர்க்குமாறு அந்தச் சொற்பிரிப்பிக்குச் சொல்லும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சேர்த்தேன். அப்போதும் கண்ணெதிரே 'கொடி' என்று இருந்த சில பக்கங்கள் தேடலில் வரவில்லை. ஆராய்ந்தபோது, அந்தப் பக்கங்களில் 'கொ' என்பது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியெண்களாகவும், நான் தட்டச்சு செய்ததில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்களாகவும் இருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆகவே சேமிக்கும் உரை முழுவதையும் இயல்பாக்கம் செய்யும், அதாவது இருவகையாக எழுதியவற்றை ஒரே வடிவமாக்கும், பகுதி ஒன்றையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே திருத்தமாக அனுப்பினேன். மொத்தம் 11 கோப்புகள், ஏறத்தாழ 240 வரிகள். அவற்றில் கணிசமானவை என் உரைத்தொகுப்பி தானாகவே வரித்தள்ளலை மாற்றியதால் வந்தவை.

தானியங்கிச் சோதனைகள் தேறின. ஏழு வாரமாக மனிதர் எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. இந்த மாற்றத்தோடு மூலத் திட்டத்திலிருந்து பிரிந்து, என் சொந்தக் கிளையைத் தனி நிரலாக வைத்துக்கொண்டு போய்விடலாமா? நினைவூட்டுவது நாகரிகக் குறைவாகுமா? நான் செய்த பிழை ஏதாவது உண்டா?

---

பழையவிசை

உங்கள் ஆய்வு அருமையானது. ஐந்து வரி அட்டவணையில் சிக்கலைத் தனியே எடுத்துக் காட்டியது பலர் செய்யத் தவறும் வேலை. ஆனால் அந்த ஐந்து வரிகள் நீங்கள் அனுப்பிய திருத்தத்தில் இருந்தனவா? இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன்.

நானும் ஒரு சிறிய கட்டற்ற நிரலைப் பராமரிப்பவன். ஓய்வு நேரத்தில்தான் அந்த வேலையைச் செய்கிறேன். இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு மொழியைப் பற்றிய 240 வரித் திருத்தம் முன்னால் வந்தால் நான் என்ன செய்வேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன்: "நாளை நிதானமாகப் பார்ப்போம்" என்று தள்ளி வைப்பேன், அந்த நாளை வாரங்களாக நீண்டுவிடும். அது வெறுப்பினால் வருவதன்று. சரியா தவறா என்று தீர்மானிக்க எனக்கு ஒரு பிடிமானமும் இல்லை என்பதே காரணம். 'காடு', 'கூடு', 'கேடு', 'கொடி' என்ற நான்கு சொற்களை இட்டு, கடைசிச் சொல்லைத் தேடினால் ஒரே ஒரு விடைதான் வரவேண்டும் என்று ஒரு சோதனையை எழுதிக் கொடுங்கள். தமிழே தெரியாதவருக்கும் அது விளங்கும்: பழைய நிரலில் தோற்கும், புதியதில் தேறும்.

உங்கள் திருத்தத்தில் உண்மையில் மூன்று மாற்றங்கள் கலந்துள்ளன. சொற்பிரிப்பியின் வகைகளை மாற்றுவது ஒன்று. உரையை இயல்பாக்கம் செய்வது மற்றொன்று. தொகுப்பி செய்த வரித்தள்ளல் மூன்றாவது. மூன்றாவதை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு கோப்பின் மாற்றங்களைத் துண்டு துண்டாகப் பார்த்து, வேண்டியதை மட்டும் தேர்ந்து சேர்க்கும் வசதி உண்டு. ஒரு மாலை செலவழித்தால் கைவந்துவிடும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சொற்பிரிப்பியின் அமைப்பு அந்த அட்டவணையின் வரையறையோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் குறிப்புகள் வைத்திருப்பவர் புதிய பதிப்பை நிறுவினால், பழைய அட்டவணை பழைய முறையிலேயே இருக்கும். அதை நீக்கி, புதிதாக உருவாக்கி, உரை அனைத்தையும் மீண்டும் சேர்க்க வேண்டும். இதை எப்போது, எப்படிச் செய்வது என்பதற்கு உங்கள் திருத்தத்தில் விடை இல்லாவிட்டால், எந்தப் பராமரிப்பாளரும் தயங்குவார். பயனரின் தரவைத் தொடும் மாற்றம் அது.

நினைவூட்டுவதில் தவறே இல்லை. ஆனால் "என்ன ஆயிற்று" என்று கேட்பதைவிட, பிரித்த திருத்தத்தை அனுப்பி, பழையதை நீங்களே மூடிவிடுவது மேலான நினைவூட்டல்.

---

கிளைநிரல்

தனிக்கிளை பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

உரிமத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மூலத்தை மாற்றவும் மாற்றியதைப் பகிரவும் உரிமை தருவதே கட்டற்ற உரிமங்களின் அடிப்படை. இங்க்ஸ்கேப்பே 2003இல் சோடிபோடி என்ற நிரலிலிருந்து பிரிந்து வந்ததுதான். லிப்ரெஓஃபிஸ் 2010இல் ஓப்பன்ஓஃபிஸிலிருந்து பிரிந்தது. ஆனால் அவை இரண்டும் ஒரு குழுவாகப் பிரிந்தவை. மேலும் திட்டம் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதிலேயே கருத்து வேறுபட்டவை. உங்களுக்கு அந்தத் திட்டத்தோடு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஒரே ஒரு வழு திருந்த வேண்டும், அவ்வளவே. அதற்குப் புதிய பெயரில் ஒரு நிரலைத் தொடங்கினால், அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் முதல் வெளியீட்டுக் கோப்புகள் வரை எல்லாமே உங்கள் தலையில் விழும்.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது, நான் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். மூலத் திட்டத்தின் முதன்மைக் கிளையை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் திருத்தத்தை மட்டும் உங்கள் கணினியில் ஒரு பணிக்கிளையில் வையுங்கள். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதை ரீபேஸ் செய்து புதிய அடித்தளத்தின் மேல் ஏற்றுங்கள். திருத்தம் சிறிதாக இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. உங்கள் 240 வரிகளாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மோதல்களை (ஒரே வரியை நீங்களும் அவர்களும் மாற்றியதால் வருபவை) தீர்த்தே ஓய்ந்துவிடுவீர்கள், அதிலும் அந்த வரித்தள்ளல் மாற்றங்கள் எல்லா இடத்திலும் முட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் தொகுப்பாளர்களும் தாங்கள் செய்யும் மாற்றங்களைத் தனித்தனித் திருத்தக் கோப்புகளாகவே வைத்திருப்பார்கள். மூலத் திட்டத்துக்கு அது அனுப்பப்பட்டதா என்று அதன் தலைப்பிலேயே குறிப்பதற்கு ஒரு புலமும் உண்டு. அந்த வழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளலாம்.

---

சொற்கோவை

இயல்பாக்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. சேமிக்கும் உரையையே மாற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பயனர் எழுதியது எதுவோ அது எழுதியவாறே இருக்க வேண்டும். தேடலுக்கான அட்டவணையும் தேடும் சொல்லும் மட்டுமே இயல்பாக்கம் செய்யப்பட வேண்டும்.

அப்படிச் செய்யும்போது வேறொரு சிக்கல் எழும். கண்டெடுத்த சொல்லுக்கு வண்ணம் பூசிக் காட்டும் வசதி, அந்தச் சொல் உரையில் எத்தனையாவது பைட்டில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்தே இயங்குகிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள். ஆகவே பிரித்து எழுதிய 'கொ' 9 பைட்டுகள், சேர்த்து எழுதியது 6. இயல்பாக்கிய படியில் கணக்கிட்ட இடத்தை மூல உரையில் கொண்டு போய்ப் பூசினால், ஒவ்வொரு 'கொ'வுக்கும் 3 பைட்டு வீதம் விலகிக்கொண்டே போகும். பக்கத்தின் முடிவில் வேறு ஏதோ சொல் வண்ணமாகி நிற்கும்.

இதற்கு எஃப்டிஎஸ்5 நல்ல வழி வைத்திருக்கிறது. சொற்பிரிப்பி ஒவ்வொரு சொல்லையும் ஒப்படைக்கும்போது, சொல்லின் வடிவத்தையும் மூல உரையில் அதன் தொடக்க, முடிவு இடங்களையும் தனித்தனியே தருகிறது. எனவே யூனிகோட்61ஐச் சுற்றி ஓர் உறைபோல் உங்கள் சொற்பிரிப்பியை எழுதி, அது தரும் சொல்லை மட்டும் இயல்பாக்கி, இடங்களைத் தொடாமல் அப்படியே கடத்திவிடுங்கள். எஸ்கியூலைட்டோடு வரும் போர்ட்டர் என்ற ஆங்கிலச் சொற்பிரிப்பி இதே முறையில்தான் எழுதப்பட்டுள்ளது. அதன் மூலநிரலைப் படித்துப் பார்த்தால் வழி தெரியும்.

மூன்று குறியெண்கள் வீதம் துண்டாக்கும் டிரைகிராம் சொற்பிரிப்பியை யாரேனும் பரிந்துரைக்கக்கூடும். சொல்லின் நடுவிலும் தேடும் வசதி கவர்ச்சியானதுதான். ஆனால் மூன்றுக்குக் குறைந்த குறியெண்கள் கொண்ட சொல்லை அந்த முறையில் தேடவே முடியாது. தமிழில் கை, தீ, பூ, பை எல்லாம் இரண்டே குறியெண்கள். அவற்றை இழக்கும் தேடல் நமக்கு எதற்கு?

மேலும் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே வைத்து எழுதும் பிழை எழுத்துணரி தரும் உரையில் நிறைய வரும். இயல்பாக்கம் அதைத் திருத்தாது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் அவை வெவ்வேறு எழுத்துகள். அதை இந்தத் திருத்தத்தோடு கலக்க வேண்டாம். எழுத்தாக்கிய பின் நீங்கள் செய்யும் மெய்ப்புப் பார்த்தலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஏட்டுக்கட்டு (ஐந்து வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் என் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பழைய திருத்தத்தை மூடிவிட்டு, சொற்பிரிப்பியின் வகைகளை மாற்றுவதை மட்டும் தனியே அனுப்பினேன். மாற்றம் மூன்று வரிகள், நான்கு சொற்களை வைத்த சோதனை இருபது வரிகள். இரண்டாம் நாளே பராமரிப்பாளர் பதில் எழுதினார். பழைய திருத்தத்தைத் தாம் இரண்டு முறை திறந்து பார்த்ததாகவும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூடிவிட்டதாகவும் சொன்னார். அதைப் படித்தபோது, ஏழு வாரமாக நான் மனத்தில் வளர்த்து வைத்திருந்த வருத்தம் கரைந்துவிட்டது.

பழையவிசை சொன்னதையேதான் அவரும் முதலில் கேட்டார்: ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகள் என்ன ஆகும்? எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் பயன்பாடுகள் தங்கள் பதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வதற்கென்றே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரல் தொடங்கும்போது அந்த எண் பழையதாக இருந்தால் தேடல் அட்டவணையை மட்டும் நீக்கி, மீண்டும் உருவாக்கும் பகுதியை அவர் வழிகாட்ட நான் எழுதினேன். குறிப்புகளின் உரை வேறொரு அட்டவணையில் இருப்பதால் அது தொடப்படவே இல்லை. மூன்று முறை திருத்தி எழுதிய பின் அது இணைக்கப்பட்டது. இணைப்பதற்கு முன், இந்தி உரையிலும் இதே வழு உண்டா என்று அவர் கேட்டார். தேவநாகரியின் மாத்திரைக் குறிகளும் அதே வகையைச் சேர்ந்தவையாதலால் அந்தத் தேடலும் சேர்ந்தே சீராகியிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சொற்கோவை சொன்ன உறை முறையில் இயல்பாக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். என் பழைய முறையில் வண்ணம் விலகிப் போவதையும் ஒரு நீண்ட பக்கத்தில் கண்ணாரப் பார்த்தேன். அனுப்பிய உடனே அது இணைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அந்தத் திருத்தம் இப்போது மறுபார்வையில் உள்ளது. அதுவரை கிளைநிரல் சொன்னபடி பணிக்கிளையில் வைத்துப் பயன்படுத்துகிறேன். ஒரு முறை ரீபேஸ் செய்தேன், மோதல் ஒன்றும் வரவில்லை.

இதற்கிடையே புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. ககரமும் ஷகரமும் கூட்டெழுத்தாகச் சேராமல் இருக்க, சிலர் இடையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கி ஒன்றை இடுகிறார்கள். அது எழுத்தும் இல்லை, குறியும் இல்லை. வடிவமைப்பு என்ற வேறு வகை. ஆகவே அந்த இடத்தில் சொல் இன்னமும் இரண்டாக உடைகிறது. இந்த முறை நிரலைத் தொடாமல், நான்கு வரிச் சோதனையோடு வழு அறிக்கையை மட்டும் முதலில் பதிந்திருக்கிறேன். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குறியெண்கள் கலந்த தமிழ்ச் சொற்கள் வேறு ஏதேனும் உங்கள் கோப்புகளில் இருந்தால், அவற்றை அப்படியே படியெடுத்து இங்கே இடுங்கள், சோதனையில் சேர்த்துவிடுகிறேன்.