முப்பரிமாண மேக்ஸ்வெல்: கன்ஃபார்மல் சமச்சீர் உண்டா, இல்லையா?

காலத்தையும் சேர்த்து 3 பரிமாணம். மின்னூட்டம் இல்லாத மேக்ஸ்வெல் (மின்காந்த) கோட்பாடு. அளவுச் சமச்சீர் (எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் பெருக்கினாலும் மாறாமை) இருக்கிறது, கன்ஃபார்மல் சமச்சீர்தான் (விகிதம் இடத்துக்கு இடம் மாறினாலும் கோணங்கள் காக்கப்படும் மாற்றங்களில் மாறாமை) பிடிபடவில்லை. கன்ஃபார்மல் என்றால் ஆற்றல்-உந்த டென்சரின் டிரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்) பூஜ்ஜியமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; இங்கே அது பூஜ்ஜியமாகாமல், புலவலிமை வர்க்கத்தின் கால் பங்காக நிற்கிறது. அதை வைரியல் கரண்ட் என்ற வெக்டரின் டைவர்ஜென்ஸாக எழுதிப் பார்த்தேன். உள்ளே வெக்டர் பொட்டன்ஷியல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு கேஜ் மாறாமையை (பொட்டன்ஷியலை எப்படித் தேர்ந்தாலும் விடை மாறாத தன்மையை) கெடுக்கிறது. புலவலிமையின் இருபுள்ளிச் சார்பிலும் (இரு இடங்களின் புலங்களுக்குள்ள தொடர்பிலும்), தூர வெக்டர் உறுப்பின் குணகம் கன்ஃபார்மலுக்கு 2 வர வேண்டிய இடத்தில் 3/2 வருகிறது. அளவுச் சமச்சீர் இருந்தால் கன்ஃபார்மலும் உண்டு என்ற இயற்பியலாளர் போல்சின்ஸ்கியின் 1988 வாதம் இரு பரிமாணத்துக்கானது, இங்கே உதவாது.

ஆனால் இதையே நிறையற்ற ஸ்கேலர் (திசையில்லாத) புலமாக மாற்றி, 1/8 குணகத்துடன் திருத்த உறுப்பைச் சேர்த்தால் டிரேஸ் ஒழிந்துவிடுகிறது! வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் இதைத்தான் பேச வேண்டும்.

திருத்த உறுப்பில் வரும் ஸ்கேலர் வர்க்கம், ஃபோட்டான் கோட்பாட்டில், அதாவது மூல மேக்ஸ்வெல் கோட்பாட்டில், அனுமதிக்கப்பட்ட ஆபரேட்டர்தானா?