கடலோரப் பள்ளிக்கு கூகுள் டிரைவ் ஒத்துவருமா?

பாம்பன்_கணிதம்
ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு நோட்ஸ், மாதிரி வினாத்தாள், வீட்டுப்பாடம் மூன்றையும் கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. அங்கே போட்ட பிடிஎப் இரண்டு நாளில் வணக்கம், வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். போனில் இடமில்லை என்று வீட்டில் யாராவது மீடியாவை அழித்தால் அதுவும் போச்சு. தப்பான விடைக்குறிப்பு ஒன்று பார்வர்டு ஆகிவிட்டால் திரும்பப் பிடிக்கவே முடியாது.

டிரைவில் பாடத்துக்கு ஒரு போல்டர், வருஷத்துக்கு ஒரே லிங்க். பிழை கண்டால் கம்ப்யூட்டரில் அந்த பிடிஎப் மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகத் திருத்திய பதிப்பை ஏற்றினால் போதும். பழைய லிங்க்கைத் திறப்பவருக்கும் புதியதுதான் தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கீழக்கரை_இயற்பியல்
போன் வேண்டும் சார். பிள்ளையின் கையில், படிக்கிற நேரத்தில்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வரும். வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு கடலில் இருக்கும். திங்கள் மாலை வீட்டுப்பாடம் கொடுத்து இரவு 9 மணிக்குள் ஏற்று என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? போன் வீட்டில் இல்லாததுதான் காரணம். ஆனால் பதிவேட்டில் 'சமர்ப்பிக்கவில்லை' என்றுதான் விழும்.

அடுத்தது இடம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள், ஆளுக்கு 5 பக்கம், பக்கத்துக்கு ஒரு போட்டோ, ஒரு போட்டோ 3 எம்பி. ஒரே வீட்டுப்பாடத்துக்கு 600 எம்பி. இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்ளும். வேறு எதுவுமே இல்லையென்றாலும் 25 வீட்டுப்பாடத்தில் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு உங்கள் மெயிலும் வராது.

பாம்பன்_கணிதம்
நாள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கெடுவை செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு என்று வைத்தால் அந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

இடத்துக்கு வழி இருக்கிறது. கேமராவில் எடுக்காமல் டிரைவ் ஆப்பிலேயே பிளஸ் குறியை அழுத்தி 'ஸ்கேன்' தேர்ந்தெடுத்தால் ஐந்து பக்கமும் ஒரே பிடிஎப் ஆகும். கருப்பு வெள்ளையில் வைத்தால் பக்கத்துக்குச் சில நூறு கேபிதான். 600 எம்பி என்பது 60 எம்பி அளவுக்கு இறங்கும். கூகுள் பாரம் (இணையப் படிவம்) வழியாக வாங்கினால் நேரம் ஷீட்டில் தானாக விழும், கோப்போடு பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

கீழக்கரை_இயற்பியல்
எந்தப் பெயர் விழும் என்று பார்த்தீர்களா? கோப்பு ஏற்றச் சொல்லும் பாரம் லாகின் கேட்கும். போனில் இருப்பது அப்பாவின் கணக்கு, கோப்புப் பெயரின் கடைசியில் ஒட்டுவதும் அவர் பெயர்தான். அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளி என்றால் இரண்டு பேர் விடையும் ஒரே பெயரில் வரும். 'ஒரு பதில் மட்டும்' என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருந்தால் ஒரே வகுப்பில் படிக்கும் இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவது பிள்ளையால் அனுப்பவே முடியாது. அது போக, பாரம் முழுவதற்கும் தொடக்க வரம்பு 1 ஜிபி. அதை செட்டிங்ஸில் உயர்த்தாவிட்டால் நிரம்பியதும் பாரம் பதில் வாங்குவதை நிறுத்திவிடும். கடைசி பெஞ்சுக்காரன் மாட்டிக்கொள்வான்.

தொண்டி_தமிழ்
இரண்டு பேரும் பிள்ளைகள் ஏற்றுவதையே பேசுகிறீர்கள். நாம் ஏற்றுவதே உடைந்துதான் போகிறது. நம் பள்ளிகளில் பழைய வினாத்தாள் பாதிக்கு மேல் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவை. அந்த எழுத்துரு போனில் கிடையாது. வேர்டு கோப்பை அப்படியே ஏற்றினால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் குழம்பிக் கிடக்கும். 'லிங்க் வேலை செய்யல டீச்சர்' என்று வரும் புகாரில் பல இதுதான், லிங்க்கில் ஒரு கோளாறும் இராது.

எழுத்துரு நிறுவியிருக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து பிடிஎப்பாகச் சேமித்து ஏற்றுங்கள், எழுத்து உள்ளேயே பதிந்துவிடும். இன்னொருவர் திருத்த வேண்டிய கோப்பு என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு (எல்லா போனிலும் தெரியும் பொது எழுத்து முறைக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கொம்பு, ஸ்ரீ, க்ஷ, இடையில் வரும் ஆங்கிலச் சொல், கணிதக் குறி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று நினைத்து அது மாற்றிவைக்கும்.

மண்டபம்_லேப்
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோட்ஸ் படிக்கக் கணக்கே தேவையில்லை. 'லிங்க் உள்ள எவரும்', 'வியூவர்' (பார்க்க மட்டும்) என்று வைத்தால் எந்த போனின் பிரவுசரிலும் திறக்கும். கணக்கு வேண்டியிருப்பது விடையைத் திருப்பி வாங்கும்போதுதான், கோளாறும் அங்கேதான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் இந்தச் சண்டை.

'எடிட்டர்' (திருத்தவும் விடும்) லிங்க்கை வகுப்புக்குக் கொடுக்கவே கூடாது. ஒருவன் தெரியாமல் எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்துவிட்டால் கம்ப்யூட்டரில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' திறந்து முந்தைய நிலையை மீட்கலாம். ஆனால் யார் அழித்தது என்று தெரியாமல் போகலாம், பெயரில்லாதவர் என்று மட்டும் காட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டிய தாள் என்றால் லிங்க்கின் கடைசியில் 'எடிட்' என்று தொடங்கும் பகுதியை எடுத்துவிட்டு 'காப்பி' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்புங்கள். திறப்பவருக்கு அவருடைய சொந்தப் பிரதி உண்டாகும்.

மதிப்பெண் ஷீட்டை எந்த லிங்க்கிலும் போடாதீர்கள். மற்ற வகுப்பின் பக்கத்தை 'ஹைட்' செய்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பார்ப்பவர் ஒரு பிரதி எடுத்து 'அன்ஹைட்' கொடுத்தால் அத்தனை பெயரும் மதிப்பெண்ணும் வெளியே வந்துவிடும்.

கீழக்கரை_இயற்பியல்
தம்பி சொன்ன பிரிவு சரி. அப்படியானால் நான் ஒரு படி மேலே போகிறேன்: விடை காகிதத்திலேயே வரட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு இன்னும் கடினம், 13 வயதுக்குக் கீழே பெற்றோர் கண்காணிப்பு இல்லாமல் கூகுள் கணக்கே தொடங்க முடியாது. நோட்டுப் புத்தகம் இதில் எதையும் கேட்பதில்லை.

நோட்ஸுக்கும் லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் ஷேர்டு போல்டர் (பள்ளி நெட்வொர்க்கில் எல்லோரும் திறக்கும் போல்டர்) போதும். ஒரு ரவுட்டர், இணையமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்து கரண்ட்டும் டவரும் போகிற ஊர் இது.

பாம்பன்_கணிதம்
அந்தக் கரண்ட் போனால் உங்கள் லேப் கம்ப்யூட்டரும் படுத்துவிடுமே, காக்கா? உப்புக்காற்றில் பென்டிரைவ் முனை பச்சை பிடித்துவிடும். இருக்கிற ஒரே ஹார்டு டிஸ்க் போனால் மூன்று வருட வினாத்தாளும் அதோடு போகும். டிரைவில் தப்பாக அழித்தாலும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். புயலுக்கு முன்னால் டிரைவ் ஆப்பில் 'ஆஃப்லைன்' குறியிட்டு வைத்த பாடம் டவர் இல்லாமலும் திறக்கும். பத்தாம் வகுப்புக்கு விடையும் போனில் வர வேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. திருத்திய விடைத்தாள் இரவே திரும்பக் கிடைப்பது பொதுத்தேர்வு நேரத்தில் பெரிய விஷயம்.

மண்டபம்_லேப்
'ஆஃப்லைன்' சொந்த போனுக்கு மட்டும் சார். பலர் உட்காரும் லேப் கம்ப்யூட்டரில் அதை ஆன் செய்தால் ஒருவர் கோப்பு அடுத்தவர் கண்ணில் படும்.

காக்காவின் ஷேர்டு போல்டரும் இருக்கட்டும். 'நோட்ஸ்' போல்டர் படிக்க மட்டும், 'விடை' போல்டரில் கோப்பு சேர்க்கவும் அனுமதி. வாரம் ஒருமுறை அதை டிரைவுக்கு ஏற்றுங்கள். பென்டிரைவை சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள்.

தொண்டி_தமிழ்
அந்த டிரைவ் யாருடையது? கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போகிறவரின் சொந்தக் கணக்கு என்றால் போல்டரும் கூடவே போய்விடும்.

மண்டபம்_லேப்
அதனால் முதல் நாளே பள்ளிப் பெயரில் தனிக் கணக்கு. கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் தலைமை ஆசிரியரிடம். ஏற்கெனவே சொந்தக் கணக்கில் இருந்தால், போல்டரின் உரிமையை மாற்றுவதோடு வேலை முடியாது, உள்ளே இருக்கும் கோப்புகள் பழையவர் பெயரிலேயே நிற்கும். அவற்றையும் தேர்வு செய்து உரிமை மாற்ற வேண்டும், பள்ளிக் கணக்கில் நுழைந்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பதைத் தலைமை ஆசிரியரின் வேலைப்பட்டியலில் எழுதி வையுங்கள்.